முனியாண்டியைச் சுருட்டலாமா?

என் படத்துக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள்.

நெற்றியில் மட்டும் வைத்திருந்தாலாவது பொறுத்திருப்பேன். கிருதாவில் ஒன்று, அரிவாள் பிடியில் ஒன்று, காலடியில் படுத்திருந்த நாயின் தலையில் ஒன்று. கரித்துண்டால் நான் பார்த்துப் பார்த்து ஏற்றியிறக்கிய நிழல்களின் மேல், கட்டைவிரல் அகலத்துக்கு, ஈரச் சிவப்பு. கீழே வாழையிலையில் பொரியும் சுருட்டும். கற்பூரம் எரிந்து முடிந்த வாசனை இன்னும் போகவில்லை.

நான் கையில் ஒரு நீளமான தகரக் குழாயுடன் கோயில் வாசலில் நின்றேன். படத்தைச் சுருட்டி அதற்குள் போட்டு, ஈப்போவுக்குக் கொண்டுபோய், ரயிலில் பினாங்குக்கு அனுப்பிக் கப்பலேற்ற வேண்டும். அந்த வாரத்துக் கப்பலை விட்டால் அந்த வருஷத்துப் படிப்பே போயிற்று.

"என்ன தம்பி, கொழாயெல்லாம்?" என்று கேட்டார் பூசாரி காத்தமுத்து. காலையில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுப்பார்; மாலையில் முனியாண்டிக்குப் பூசாரி. இரண்டு வேலையையும் ஒரே முகத்தோடு செய்வார்.

"படத்தை எடுத்துட்டுப் போக வந்தேன்."

"படத்த எடுக்கறது சரி. கொழாய் எதுக்கு?"

"சுருட்டி உள்ள வைக்க."

பூசாரி குழாயைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். கடைசியில் என்னை.

"சாமிய சுருட்டுவியா?"

ஒரு புத்தகமும் அதன் பேராசையும்

முனியாண்டி அங்கேயே இருக்கட்டும். இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். ஈப்போவுக்குப் பக்கத்தில், ஜெலாப்பாங்குக்கு அப்பாலுள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணியின், அதாவது தலைமைக் கணக்குப்பிள்ளையின், மகன். ஈப்போவில் இங்கிலீஷ் படித்துத் தேறினவன். அதனால் ரயில்வே ஆபீசில் ஒரு நாற்காலி எனக்காகவே கடவுளால் படைக்கப்பட்டிருப்பதாக என் அப்பா நம்பினார். நானோ கரித்துண்டும் கையுமாக அலைந்தேன்.

ரப்பர் விலை விழுந்து, பிறகு எழுந்து உட்கார்ந்திருந்த சமயம். ஒரு சாயப்பெட்டி விளம்பரத்தின் மூலையில் அமெரிக்காவில் உள்ள ஒரு கல்லூரியின் விலாசம் இருந்தது. எழுதிப் போட்டேன். மாதங்கள் கழித்து ஒரு விவரப் புத்தகம் வந்தது. படம் வரைந்தால் பட்டம் கொடுப்பார்களாம்!

அன்று நான் குதித்த குதியில் வீட்டுக் கோழிகள் கலைந்து ஓடின. மறுநாள் புத்தகத்தை முழுதும் படித்தேன். குதிப்பது நின்றது.

கலையில் பட்டம் பெற நான்கு வருஷம் ஆகும். அந்த நான்கு வருஷத்தில் பிரெஞ்சோ லத்தீனோ ஒன்று கற்க வேண்டும். க்ஷேத்திர கணிதம் வேண்டும். ரசாயனம் வேண்டும். கிரேக்க தேசத்து ராஜாக்கள் யார் யாரை எப்போது குத்தினார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். நல்லொழுக்கம் வேண்டும், அதற்கு ஒரு பாதிரியாரின் சாட்சி வேண்டும். எல்லாவற்றுக்கும் முடிவில், கல்லூரிக் குளத்தின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு யார் துணையும் இல்லாமல் நீந்திக் காட்ட வேண்டும்.

நீந்த! படம் வரைகிறவன் எதற்கு நீந்த வேண்டும்? மோசமாக வரைந்தவர்களைக் கடலில் தள்ளுவது அந்த ஊர் வழக்கமோ என்னவோ.

என் சிநேகிதன் ஹமீது புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தான். ஈப்போ பழைய டவுனில் காகிதக் கடை வைத்திருப்பவர் அவன் அத்தா.

"மச்சான், இது படம் போடறதுக்கா, மீன் புடிக்கவா?"

"ரெண்டுக்கும்தான் போல."

"வாலா, போலாம். ஈயக் குட்டையில எறக்கி விடறேன். செத்துட்டா பட்டம் வேணாம், பொழைச்சா அமெரிக்கா."

ஈயம் தோண்டிவிட்டுக் கைவிட்ட குட்டைகளுக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை. பால் விட்ட தேநீர் நிறத்தில் தண்ணீர். அடியில் காலை வைத்தால் முழங்கால் வரை சேறு இழுக்கும். அதில் இறங்கி, கண் காது மூக்கெல்லாம் சேறு குடித்து, தவளைக்குத் தம்பி மாதிரி நீந்தக் கற்றேன். வீட்டில் அம்மா என் தலைமுடியை மோந்து பார்த்துவிட்டு முதுகில் இரண்டு வைத்தாள். கலைக்காக அடி வாங்கினவன் என்று பின்னாளில் யாராவது எழுதினால் அது பொய்யாகாது.

அந்தத் தடித்த புத்தகத்தில் எல்லாம் இருந்தது. ஒரு படம் எப்போது நல்ல படம் ஆகிறது என்பது மட்டும் எங்கும் இல்லை. அதற்குப் பதிலாகக் காகிதம் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்று இருந்தது.

ஈப்போவில் ஒரு கால்

உள்ளே நுழைவதற்கே நான்கு படங்கள் அனுப்ப வேண்டும். ஒரு செடி. ஒரு கட்டிடம். உயிருள்ள மனிதர் ஒருவரின் தலை. நான்காவது, புராதனச் சிலை ஒன்றைப் பார்த்து வரைந்த முழு உருவம். எல்லாவற்றையும் சுருட்டித் தகரக் குழாயில் அனுப்ப வேண்டும்; மடித்தாலும் தட்டையாக அனுப்பினாலும் பிரிக்காமலே திருப்பிவிடுவார்கள்.

செடிக்கு ரப்பர் கன்று இருந்தது. கட்டிடத்துக்கு ஈப்போ ரயில் நிலையம் இருந்தது. தலைக்கு ஹமீது உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்று சொல்வது மரியாதைக்கு. ஈயை விரட்டினான், கொட்டாவி விட்டான், "என் மூக்கு இம்புட்டு பெருசா இல்ல, அத்தா மூக்கத்தான் நீ போட்டிருக்க" என்று வழக்காடினான்.

புராதனத்துக்கு எங்கே போவது?

ஈப்போவில் புராதனம் ஏது? நேற்று ஈயம் கண்டவன் இன்று மாளிகை கட்டுகிறான். நாளைக்கு அதன் முகப்பில் நாலு வருஷம் முந்திய தேதியைச் செதுக்கிக்கொண்டு பரம்பரைப் பணக்காரனாகிவிடுகிறான். அதற்கு மேல் பழமை வேண்டுமானால் சுண்ணாம்பு மலைகளைத்தான் வரைய வேண்டும்.

எங்கள் டிராயிங் மாஸ்டரிடம் கேட்டேன். அவர் அலமாரியைத் திறந்து, பட்டுத் துணியை விலக்கி, ஒரு காலை எடுத்து மேஜைமேல் வைத்தார். பாரிஸ் சாந்தில் வார்த்த கால். பாதமும் கணுக்காலும் மட்டும். பெருவிரல் உடைந்து, சுண்ணாம்பு வைத்து ஒட்டியிருந்தது.

"கிரேக்கம்" என்றார்.

"முழு உருவம் கேட்கிறார்களே, சார்."

"காலை ஒழுங்காகப் போடத் தெரிந்தவனுக்கு மற்றது தானாக வரும்."

அவரிடம் படித்த எல்லாருக்கும் அந்தக் கால் மனப்பாடம். மற்றது யாருக்கும் தானாக வரவில்லை. ஈப்போவில் ஓவியம் கற்ற எவனும் கணுக்காலுக்கு மேல் போனதில்லை.

"எங்கள் தோட்டத்தில் ஒரு சிலை இருக்கிறது, சார். முனியாண்டி."

மாஸ்டர் காலைத் துணியில் சுற்றினார். குழந்தையைத் தூங்க வைப்பவர் மாதிரி அலமாரியில் படுக்க வைத்தார். "அதெல்லாம் சிலையா? பொம்மை. மீசை வைத்த கிரேக்கச் சிலை எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?"

மனிதர் பார்த்ததே ஒரு கால்தான். அதில் மீசை இருக்க நியாயமில்லை.

மீசை வைத்த புராதனம்

காட்டை வெட்டித் தோட்டம் போட்டபோது, கப்பலில் வந்து இறங்கிய முதல் ஆட்கள் மண்ணும் சுண்ணாம்பும் குழைத்து எழுப்பியவர் எங்கள் முனியாண்டி. உட்கார்ந்த நிலையிலேயே ஆளுயரம். முறுக்கு மீசை, தொடைமேல் அரிவாள், காலடியில் நாய். எல்லாவற்றையும்விட அந்தக் கண்கள். எந்தப் பக்கம் போனாலும் கூடவே வரும் வெறித்த கண்கள். தோட்டத்தில் அவரைவிடப் பழையது எதுவும் இல்லை. அமெரிக்கர்களுக்கு இது போதும் என்று தீர்மானித்தேன். அவர்கள் தேசத்துக்கே வயது அதிகமில்லை.

பூசாரி உடனே சம்மதித்தார். "போடு தம்பி. செருப்ப மட்டும் அங்கிட்டு கழட்டிடு."

நாள்தோறும் காலையில் போய் வரைந்தேன். மரம் சீவி முடிந்து பால் வாளியோடு திரும்புகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்களில் அஞ்சலை அக்கா பார்த்ததோடு போகமாட்டாள்.

"மீச தொங்குதே தம்பி, சாமிக்கு ஒடம்பு சரியில்லியா?"

மறுநாள்: "நாய்க்குப் பசி போலருக்கு. வெலா எலும்ப எண்ணலாம்."

 படத்தில் மீசையை முறுக்கிவிட்டேன். நாய்க்கும் கொஞ்சம் சதை போட்டேன்.

கண்ணைக் கடைசிக்கு வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் கற்ற முறை அது. எல்லா நிழலும் முடிந்த பிறகுதான், விழியில் வெளிச்சம் படும் இடத்தில் வெள்ளைச் சாக்கட்டித் துண்டால் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி விழுந்ததும் முகம் எழுந்து உட்காரும்.

ஒரு வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் அந்தப் புள்ளியை வைத்தேன். இடது கண், வலது கண். பலகையைத் தூர நிறுத்திப் பார்ப்பதற்காக வாசல் பக்கம் திருப்பினேன். அந்த நேரம் பார்த்து அஞ்சலை அக்கா வாளியோடு வந்தாள். நின்றாள். வாளி சாய்ந்து பால் கொட்டியது.

"ஆத்தாடி! தொறந்துட்டியா?"

என் கலைக்குக் கிடைத்த முதல் மரியாதை என்று பூரித்துப்போனேன். மழை வேறு கட்டிக்கொண்டு வந்தது. தகரக் குழாய் ஈப்போவில் ஹமீதிடம் இருந்தது. "படம் நனையாம நான் பாத்துக்கறேன், நீ போய் வா" என்றார் பூசாரி. விட்டுவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தபோதுதான் குங்குமம்.

வழக்கு

"பூசாரி, இது பரீட்சைக்குப் போட்ட படம்" என்றேன்.

"இருக்கட்டும். கண்ண தொறந்தது யாரு? நீதானே?"

"அது கண்ணு இல்ல. சாக்கட்டிப் புள்ளி!"

"கண்ணுல வெச்ச புள்ளிதானே?"

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. சிலை செய்கிறவன் கடைசியில்தான் கண் திறப்பான். கண் திறக்கும்வரை அது மண், திறந்த பிறகு அது சாமி. அதன் முதல் பார்வை எதிரில் நிற்பவர் மேல் விழும், அதைத் தாங்குவது லேசல்ல. இது தோட்டத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். நான் சாமி முன்னால், வெள்ளிக்கிழமை உச்சியில், செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணைக் கடைசியாகத் திறந்திருக்கிறேன். இதற்கு மேல் முறையாக ஒரு மனிதன் செய்ய முடியாதாம்.

"மொதப் பார்வ என் மேலதான் விழுந்துச்சு" என்றாள் அஞ்சலை அக்கா, கூட்டத்தைப் பார்த்து. "கிராணி மவன் படம் போட்டா படம். கண்ண தொறந்தா சாமி. இனிமே அது அவனுதில்ல."

"அமெரிக்காவுல பெரிய படிப்பு, அக்கா. இது போகலைன்னா நான் ரயில்வேயில டிக்கெட் கிழிக்கணும்."

"போ, வேணாங்கல. மடியில வெச்சித் தூக்கிக்கிட்டுப் போ. சுருட்டாத. முட்டி எங்க மடங்கும், தல எங்க மடங்கும்?"

அப்பாவிடம் ஓடினேன். தோட்டத்தில் துரைக்கு அடுத்தபடி அவர்தான். ஒரு வார்த்தை சொன்னால் படம் என் கைக்கு வந்துவிடும். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கண்ணைத் தொறந்தியா, இல்லியா?"

"அப்பா, நீங்களுமா!"

"நான் அதைப் புடுங்கிக் கொடுத்தா நாளைக் காலைல பெரட்டுல பேர் கொடுக்க ஒருத்தன் நிக்கமாட்டான். துரைக்கு நான் என்னன்னு சொல்றது? என் மகன் சாமியச் சுருட்டிட்டான்னா?" கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ரயில்வேயிலே இதெல்லாம் கிடையாது, சுந்தரம்."

ஹமீதுக்கு ஒரே கொண்டாட்டம். "அந்தக் காலையே போட்டு அனுப்புலா மச்சான். யாரும் கும்பிடமாட்டாங்க."

அன்று மாலையே மறுபடி கோயிலுக்குப் போனேன். கெஞ்சவில்லை, கத்தினேன். கத்தின கத்தலில் என் வாயிலிருந்தே அது வந்து விழுந்தது. "இன்னொண்ணு போடறேன். கண்ணே இல்லாம போடறேன். அதையாவது சுருட்டலாமா?"

பூசாரி யோசிக்கக்கூட இல்லை. "கண்ணு தொறக்காட்டி அது வெறுங்காயிதம். சுருட்டு, மடி, அடுப்புல போடு. எனக்கென்ன?"

குருட்டுப் படம்

கப்பலுக்கு இருந்த சில நாட்களில் வெறி பிடித்தவன் போல் வரைந்தேன். மீசை, அரிவாள், நாய், முட்டி, எல்லாம் முன்னதைவிடச் சுத்தமாக வந்தன. கை பழகியிருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வழவழப்பான மேடுகள் மட்டும்.

என்ன அசிங்கம்! முனியாண்டி என்றால் கண்தான். மற்றதெல்லாம் அந்தக் கண்ணைத் தாங்க வைத்த பீடம். கண்ணை எடுத்துவிட்டால், சாப்பிட்டுவிட்டுக் கல்லாவில் தூங்கும் சீனக் கடை முதலாளி, தவுக்கேதான் மிச்சம். அஞ்சலை அக்கா எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். அவள் ஒன்றும் சொல்லாமல் போனது அந்த ஒரு தடவைதான்.

தோற்பதற்கென்றே ஒரு படத்தை முடித்து, சுருட்டி, குழாயில் போட்டு மெழுகு வைத்தேன். ஹமீது ரயிலேற்றினான். அப்பா ரயில்வே ஆபீசுக்கு ஒரு விண்ணப்பம் எழுதி வைத்தார்.

மாதங்கள் போயின. பதில் வந்தது.

சேர்த்துக்கொண்டார்கள்!

எதற்காக என்று கேளுங்கள். செடியை ஒரு வரியில் தள்ளியிருந்தார்கள். ரயில் நிலையம் பரவாயில்லையாம். ஹமீதின் தலைக்கு மூக்கு பெரிதாம். அந்தப் பயல் அந்த இடத்தை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினான். ஆனால் அந்தப் புராதனச் சிலை இருக்கிறதே, அதைத்தான் மெச்சியிருந்தார்கள். குறிப்பாகக் கண்களை. வெளுத்துப்போன கிரேக்கச் சலவைக்கல் சிலைகளுக்கு விழி கிடையாதாம், வெறும் மேடுதானாம். அனுபவமில்லாத மாணவர்கள் ஆசைப்பட்டு அங்கே விழியை வரைந்து கெடுத்துவிடுவார்களாம். என்னிடம் அந்த அடக்கம் இருக்கிறதாம். அரிவாளைப் பார்த்து, யாரோ அறுவடைத் தேவதை என்று முடிவு கட்டியிருந்தார்கள். படத்தை நுழைவு மண்டபத்துச் சுவரில் மாட்டியும் விட்டார்களாம், புதிதாக வருகிறவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள.

கற்றுக்கொள்ள!

டிராயிங் மாஸ்டர் என் தோளைத் தட்டினார். "காலை ஒழுங்காகப் போட்டிருப்பாய். அதுதான்." ஈப்போவில் மரக்கடை வைத்திருக்கும் என் தாய்மாமா செலவை ஏற்றுக்கொண்டார், பெயருக்குப் பின்னால் எழுத்து ஒட்டும் எந்தப் படிப்பும் அவருக்குச் சம்மதம். அப்பா விண்ணப்பத்தைக் கிழிக்கவில்லை. பத்திரமாக மடித்து வைத்திருக்கிறார்.

பூசாரியின் நிபந்தனைகள்

போன வாரம் பயணம் சொல்லிக்கொள்ளக் கோயிலுக்குப் போனேன்.

பழைய படம் சாமிக்குப் பக்கத்தில் அப்படியே நிற்கிறது. எண்ணெய்ப் புகை ஏறி மீசையும் அரிவாளும் ஒன்றாகிவிட்டன. நாயைக் காணோம். கண்ணில் நான் வைத்த புள்ளி மங்க மங்க, அஞ்சலை அக்கா வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டு வைத்துக்கொண்டே வருகிறாள். இப்போது இரண்டு சுண்ணாம்புக் கட்டிகள். படுமோசமான வேலை. வாசலுக்கு வெளியே போனாலும் பார்க்கிறது.

"பாஸாயிட்டியாமே" என்றார் பூசாரி. "அங்க போன படம்? கண்ண தொறந்துட்டாங்களா?"

"இல்ல பூசாரி. கண்ணு இல்லாம இருக்கறதுதான் அவங்களுக்குப் புடிச்சிருக்கு. செவுத்துல மாட்டி வெச்சிருக்காங்க."

"பாவம்லா" என்றாள் அஞ்சலை அக்கா. "அம்புட்டு பேரு மத்தியில குருடா நிக்குது."

பூசாரிக்குச் சிரிப்பு வரவில்லை. "நீ சுருட்டத்தான் கேட்ட, சரின்னேன். மாட்டுவாங்கன்னு சொல்லலியே! செவுத்துல ஏத்திட்டா தொறந்துடணும். அரகொறயா விட்டா போட்டவனுக்கு ஆகாது. போட்ட கைதான் தொறக்கணும்."

"அதுக்கு என்னென்ன வேணும்?"

"வெள்ளிக்கெழம உச்சி. ஒரு சேவல். கள்ளு. சுருட்டு. அம்புட்டுதான்."

நான்கு வருஷம் கேட்கவில்லை. பிரெஞ்சு கேட்கவில்லை. நீந்தச் சொல்லவில்லை.

"கள்ளு கெடைக்காது பூசாரி. அந்த ஊருல குடிக்கவே கூடாதுன்னு சட்டமாம்."

"என்ன எழவு ஊருலா அது!" என்றாள் அஞ்சலை அக்கா. அமெரிக்காவுக்குப் போகும் என்னைப் பார்த்து முதல் தடவையாக அவளுக்கு நிஜமான இரக்கம் வந்தது.

பூசாரி இலையில் இருந்த சுருட்டுகளை எடுத்து, நூல் சுற்றி, என் சட்டைப் பையில் செருகினார். "இத வெச்சி முடிச்சிடு. மத்தத நான் இங்க பாத்துக்கறேன். வெள்ள சாக்கட்டி இருக்கா?"

"இருக்கு."

பெட்டி கட்டியாகிவிட்டது. பிரெஞ்சு இலக்கணம் இருக்கிறது. பாதிரியாரின் நல்லொழுக்கச் சாட்சி இருக்கிறது. நீச்சல் உடுப்பு இருக்கிறது. அதற்குள் சுற்றி, சுருட்டுக் கட்டு. அவர்கள் கேட்டதையெல்லாம் செய்து காட்டத்தான் போகிறேன். ராஜாக்களை மனப்பாடம் செய்வேன், ரசாயனம் கலக்குவேன், குளத்தையும் கடப்பேன். பட்டம் எனக்கு வேண்டும்.

ஆனால் முதல் வெள்ளிக்கிழமை உச்சியில், எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மண்டபத்துக்குள் போவேன். இடது கண், வலது கண். இரண்டே புள்ளி.

முதல் பார்வை எந்தப் பேராசிரியர் மேல் விழுகிறதோ, அவர் பாடு.